வெட்டாத முடியும் நம் வகுப்பறையும்

(மதுரை வட்டார ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குத் தரப்பட்ட பொருள் தலைமுடி. கேட்டதும் சிலர் சிரித்தீர்கள். ஏன் என்று எனக்குத் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாம் அதிகம் பேசுவது முடியைப் பற்றித்தான். பாக்ஸ் கட்டிங், ஸ்பைக், ஒரு பக்கம் மழித்து மறுபக்கம் வளர்த்தது என்று ஆண்டுக்கு ஒரு புதுமை வருகிறது. 'நாளைக்கு முடி வெட்டிட்டுத்தான் வகுப்புக்குள்ள வரணும்' என்று சொல்லாத உடற்கல்வி ஆசிரியரே இருக்க மாட்டார். நான் பேசப்போவது அந்த முடியைப் பற்றி அல்ல. பிறந்த நாள் முதல் கத்தரி படாத ஒரு முடியைப் பற்றி. சீக்கியக் குழந்தையின் முடியைப் பற்றி.

'நம்ம ஊர்ல சீக்கியப் பிள்ளை எங்க சார் இருக்கு?' என்று கேட்கலாம். ராணுவம், ரயில்வே, வங்கி, வணிகம் என்று பெற்றோரின் வேலைக்காக இடம்பெயர்ந்து வரும் பிள்ளை எந்தப் பள்ளியிலும் எந்த ஆண்டும் சேரலாம். இன்னொன்றும் உண்டு. 2020–21இல் டெல்லி எல்லையில் நடந்த விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு, தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் தமிழர் சிலர் சீக்கிய சமயத்தை ஏற்றுக்கொண்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலில் தலைப்பாகை கட்டிய தமிழ் வேட்பாளர்களைத் தென் மாவட்டங்களில் பார்த்தோம். ஆகவே கொண்டை போட்டு உங்கள் வகுப்பில் வந்து உட்காரும் பையன் பஞ்சாபிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவனுடைய தாத்தாவும் உங்கள் தாத்தாவும் ஒரே சந்தையில் மாடு வாங்கியவர்களாகக்கூட இருக்கலாம்.

அந்தப் பையனைப் புரிந்துகொள்ள வேறு எங்கும் போக வேண்டாம். மதுரையைச் சுற்றியே தொடங்கலாம்.

முடிக்கும் இறைவனுக்கும் உள்ள உறவு நமக்குப் புதிதல்ல. பிள்ளை பிறந்தால் குலதெய்வக் கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, முதல் முடி இறக்குகிறோம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும்போது வைகைக் கரையில் எத்தனை பேர் முடி காணிக்கை செலுத்துகிறார்கள்! 'பழனிக்கு நேர்ந்திருக்கோம் டீச்சர், தைப்பூசம் வரைக்கும் வெட்ட மாட்டோம்' என்று ஒரு தாய் வந்து சொன்னால், நாம் மறுபேச்சுப் பேசுவதில்லை. கார்த்திகையில் மாலை போட்ட பையனிடம் 'ஏன் தாடி வளர்க்கிறாய்?' என்று கேட்பதில்லை. இஸ்லாமியக் குடும்பங்களில் குழந்தை பிறந்த ஏழாம் நாள் முடியை மழித்து, அதன் எடைக்கு ஈடாக வெள்ளியைத் தருமம் செய்யும் வழக்கம் உண்டு.

இன்னும் பின்னால் போவோம். கீழக்குயில்குடி சமணர் மலைக்கு மாணவர்களைக் களப்பயணம் அழைத்துச் சென்றிருப்பீர்கள். சமணத் துறவிகள் தங்கள் தலைமுடியைத் தங்கள் கையாலேயே பிடுங்கி நீக்குபவர்கள். உடல்மீது பற்றில்லை என்பதற்கு அது அடையாளம். பௌத்தத் துறவி தலையை மழிக்கிறார். சைவத் துறவியோ முடியைச் சடையாக வளர்த்து, சீவாமல் விடுகிறார். வெட்டுவதும், பிடுங்குவதும், சடையாக விடுவதும் வேறுவேறு செயல்கள். எல்லாமே முடி வழியாகச் சொல்லப்பட்ட சமயச் செய்திகள்தான்.

சீக்கியர் சொல்லும் செய்தி இவற்றிலிருந்து வேறானது. முடியை நீக்கவும் கூடாது, சடையாக விடவும் கூடாது. வளர்க்க வேண்டும், சீவ வேண்டும், கட்ட வேண்டும்.

1699ஆம் ஆண்டு வைசாகி நாளில், பஞ்சாபின் அனந்தபூரில், பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங் 'கால்சா' என்னும் அமைப்பை நிறுவினார். கால்சாவில் சேர்ந்தோர் ஐந்து அடையாளங்களை உடலில் தாங்க வேண்டும். வெட்டாத முடியாகிய கேஷ், மரச்சீப்பாகிய கங்கா, கையில் இரும்பு வளையமாகிய கடா, கச்சேரா என்னும் அரைக்கால் உள்ளாடை, கிர்பான் என்னும் குறுவாள். ஐந்தும் பஞ்சாபியில் 'க' என்னும் ஒலியில் தொடங்குவதால் இவற்றை ஐந்து 'க' என்பார்கள்.

முடிக்கு அடுத்தபடியாகச் சீப்பு இருப்பதைக் கவனியுங்கள். அந்த வரிசையிலேயே ஒரு கருத்து இருக்கிறது. சீக்கிய சமயம் காட்டுக்குப் போகச் சொல்லவில்லை. குடும்பத்தில் இரு, உழைத்து உண், பகிர்ந்து உண் என்றது. வீட்டில் வாழ்கிறவனுக்குச் சடை பொருந்தாது. ஆகவே காலையும் மாலையும் முடியை அவிழ்த்து, சீவி, மீண்டும் முடிகிறார்கள். அந்தச் சீப்பு கொண்டைக்குள்ளேயே செருகப்பட்டிருக்கும்.

ஏன் வெட்டுவதில்லை? சீக்கியர் சொல்லும் முதல் காரணம், படைத்தவன் தந்த உருவத்தை அப்படியே ஏற்றுக்கொள்வது. இறைவனின் ஆணையை அவர்கள் 'ஹுகம்' என்பார்கள். அந்த ஆணைக்கு இசைந்து வாழ்வதன் அடையாளம் முடி. இரண்டாவது காரணம், மறைய முடியாமை. 1675இல் ஒன்பதாவது குரு தேக் பகதூர் டெல்லியில் கொல்லப்பட்டார். அவருடைய மகன்தான் கோவிந்த் சிங். ஆயிரம் பேர் நடுவில் நின்றாலும் சீக்கியன் இவன் என்று தெரிய வேண்டும், ஆபத்து வந்தால் கூட்டத்தில் கரைந்து ஒளியக் கூடாது என்று குரு விரும்பியதாக அவர்கள் மரபு சொல்கிறது. தலைப்பாகையைப் பார்த்து உதவி கேட்டு ஓடிவருகிறவர்களுக்கும் அவன் எளிதில் தெரிவான் என்பது அதன் மறுபக்கம்.

அன்று அனந்தபூரில் 'தலை தரத் துணிந்தவர் யார்?' என்று குரு கேட்டபோது முன்வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் சாகிப் சிங். ஊர், இன்றைய கர்நாடகத்தின் பீதர். பிறந்த குடும்பத்தின் தொழில், முடி திருத்துவது! முடி வெட்டும் தொழிலில் பிறந்தவர், முடி வெட்டாத சமூகத்தின் முதல் ஐவரில் ஒருவரானார். சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த் சாகிப்பிலும் சேன் என்ற முடி திருத்துநரின் பாடல் இருக்கிறது. நெசவாளர் கபீரும் தோல் தொழிலாளி ரவிதாசும் அதே நூலில் இருக்கிறார்கள். ஆகவே வெட்டாத முடி எந்தத் தொழிலையும் இழிவாகப் பார்ப்பதிலிருந்து வந்ததல்ல. சாதியைக் காட்டும் பெயரை விட்டு, ஆண்கள் 'சிங்' என்றும் பெண்கள் 'கௌர்' என்றும் பெயர் கொள்ளச் சொன்ன மரபு அது. நடைமுறையில் பஞ்சாபில் சாதி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

முடிக்காகச் சீக்கியர் கொடுத்த விலை பெரிது. 1745இல் லாகூரில், முடியை இழக்க மறுத்து உயிரை விட்ட பாய் தாரு சிங்கை அவர்கள் மறப்பதில்லை. அன்றாட வேண்டுதலில், கடைசி மூச்சுவரை முடியைக் காத்தவர்களை நினைவுகூர்கிறார்கள். நம் காலத்திலும், 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர் தேடித் தேடிக் கொல்லப்பட்டபோது, உயிர் பிழைப்பதற்காகப் பலர் தங்கள் முடியைத் தாங்களே வெட்டிக்கொள்ள நேர்ந்தது. அந்தக் கத்தரியின் ஒலி சில குடும்பங்களில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. நாம் விளையாட்டாக 'வெட்டிரலாமா?' என்று கேட்பது, அந்த வீட்டுப் பிள்ளையின் காதில் விளையாட்டாக விழாது.

நமக்கும் இதன் சாயல் தெரியும். நான்கு தலைமுறைக்கு முன் நம் ஆண்களில் பலர் குடுமி வைத்திருந்தார்கள். 1914இல் கணிதமேதை ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் முன் அவருடைய குடுமி நீக்கப்பட்டது. அது அவருக்கு எவ்வளவு வருத்தம் தந்தது என்பதை அவர் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள்.

இனி நம் கேள்விக்கு வருவோம். பள்ளிக்கு விதி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் விதி எதற்காக என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரின் ஒரு தனியார் பள்ளி, முடியை வெட்டித் தலைப்பாகையைக் கழற்றினால்தான் சேர்ப்போம் என்று ஒரு சீக்கியச் சிறுவனிடம் சொன்னது. தலைமையாசிரியருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. பல இனப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வேறுபாடு தெரியக் கூடாது என்று நினைத்தார். வழக்கு மேல்முறையீடு வரை போய், 1983இல் பிரபுக்கள் அவை சிறுவனின் பக்கம் தீர்ப்பளித்தது. எல்லாரையும் ஒன்றுபோல் ஆக்குவது வேறு, எல்லாரையும் சமமாக நடத்துவது வேறு என்பதுதான் ஆசிரியர்களாகிய நாம் அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. கிர்பான் வைத்திருப்பது சீக்கிய சமயத்தைப் பின்பற்றுவதில் அடங்கும் என்று அதன் விளக்கமே குறிப்பிடுகிறது. முடியைப் பற்றி அங்கே சொல்லவில்லை. ஆனால் 2009இல் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்ற முழு அமர்வு, முடியை வெட்டாமல் வைத்திருப்பது சீக்கிய சமயத்தின் அடிப்படைக் கூறுகளில் ஒன்று என்று தீர்ப்பளித்தது. அதுவும் ஒரு கல்லூரிச் சேர்க்கை வழக்கு.

இங்கே ஓர் ஐயம் எழும். சாதிக் கயிறு கட்டி வருவதைத் தடுக்கிறோமே, இரும்பு வளையத்தை மட்டும் எப்படி அனுமதிப்பது? நாங்குநேரி நிகழ்வுக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, வண்ணக் கயிறு போன்ற அடையாளங்களைப் பள்ளியில் தவிர்க்க வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. ஆகவே கேள்வி நியாயமானதே. 'நீ வேறு, நான் வேறு' என்று அணி பிரிக்க அண்மையில் முளைத்தது கயிறு. யார் வேண்டுமானாலும் ஏற்கத்தக்க ஒரு நெறியின் உறுதிமொழி வளையம். இந்த வேறுபாட்டை முடிவு செய்யும் பொறுப்பை ஒரு வகுப்பாசிரியர் தனியாகச் சுமக்க வேண்டாம். தலைமையாசிரியர், பெற்றோர், மேலாண்மைக் குழு சேர்ந்து பேசலாம். பிள்ளையின் கையிலிருந்து பிடுங்குவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது.

நடைமுறைக்கு வருகிறேன். சேர்க்கை நாளிலேயே பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். 'உங்கள் வழக்கம் என்ன, நாங்கள் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?' என்ற ஒரு கேள்வி போதும். சீக்கியக் குடும்பத்தில் பிறந்தும் முடி வெட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து 'நீ உண்மையான சீக்கியனா?' என்று கேட்கும் வேலை நமக்கு இல்லை.

தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் கொண்டை ஓடி விளையாடும்போது அவிழும். பிள்ளையால் தானாகக் கட்ட இயலாது. எப்படிக் கட்டுவது என்று தாயிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால், வகுப்பின் முன் நிறுத்தாமல் ஓரமாக அழைத்துப்போய்க் கட்டிவிடலாம். கொண்டையையோ 'பட்கா' என்னும் தலைத்துணியையோ அனுமதியின்றித் தொட வேண்டாம், மற்ற பிள்ளைகளையும் தொட விட வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் பேன் பார்க்க வேண்டுமானால் பெற்றோரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குப் பட்கா தடையல்ல. சென்னை அணிக்காக ஆடித் தமிழில் ட்வீட் போட்ட ஹர்பஜன் சிங்கை நம் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

பெண் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. முடி வெட்டாமை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. சடை பின்னி வரும் சீக்கியச் சிறுமி நம் பிள்ளைகளோடு கலந்து தெரிவாள். ஆண்டு விழா நடனத்துக்காக யாரோ அவளுடைய நெற்றி முடியைக் கத்தரித்துவிட்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும். அப்போது தெரிந்து பயனில்லை.

கேலியை முதல் நாளே கவனியுங்கள். 'பொம்பளப் புள்ள மாதிரி கொண்டை' என்பதில் தொடங்கி, சர்தார்ஜி நகைச்சுவைக்குப் போகும். நம் மேல்நிலை வரலாற்றுப் பாடத்தில் பக்தி இயக்கத்தோடு குருநானக் வருகிறார். அவர் இலங்கை சென்று திரும்பும் வழியில் ராமேசுவரத்தில் தங்கினார் என்பது சீக்கிய மரபு. அதன் நினைவாக அங்கே ஒரு குருத்வாரா இருக்கிறது. மதுரையிலிருந்து நான்கு மணி நேரப் பயணம்தான். சுற்றுலாவுக்கு ராமேசுவரம் போகும்போது அதையும் காட்டுங்கள். உள்ளே போக எல்லாரும் தலையை மூட வேண்டும். நம் பையன்கள் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு நிற்கும்போது, தலையை மூடுவதன் மரியாதை பாடம் நடத்தாமலே புரிந்துவிடும்.

கடைசியாக, கட்டாயம் வரப்போகும் ஒரு கேள்வி. பின் பெஞ்சில் எழுந்து ஒருவன் கேட்பான்: 'சார், எங்களை மட்டும் வெட்டச் சொல்றீங்க, அவனுக்கு மட்டும் ஏன் சார் சலுகை?' அவனை அதட்டி உட்காரவைத்துவிடாதீர்கள். நல்ல கேள்வி அது. இப்படிச் சொல்லுங்கள்: 'இந்தப் பள்ளியில் விதி எல்லாருக்கும் ஒன்றுதான். முடி சுத்தமாக இருக்கணும், சீவியிருக்கணும், முகத்தில் விழக் கூடாது, பார்க்கிறவனைப் பயமுறுத்தக் கூடாது. பழனிக்கு நேர்ந்த பையனும், மாலை போட்டவனும், இவனும் அதைத்தான் செய்கிறார்கள். இவன் தினமும் இரண்டு தடவை சீவிக் கட்டிக்கொண்டு வருகிறான். நீ இன்று காலையில் சீவினாயா?'

வகுப்பு சிரிக்கும். அந்தப் பையனும் சிரிப்பான்.