எண்ணிப் பார்த்து ஊன்றுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. வீட்டிலேயே விதையை முளைக்க வைத்து, மருந்தடிக்காமல் காய்கறித் தோட்டம் போடுவதைப் பற்றிச் சொல்லும்படி தலைவி அக்கா சொன்னாங்க. கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்றேன்.

நம்ம ஊரெல்லாம் தேரி ஓரம். திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் வருகிற வெளியூர்க்காரங்க இந்தச் செம்மணலைப் பார்த்து, "பாலைவனம் மாதிரி இருக்கே" என்று சொல்லிட்டுப் போயிடுவாங்க. நமக்கு அப்படிப் போக முடியாது. இந்த மணலில்தான் குழம்புக்கு வேண்டிய காயை விளைய வைக்கணும். தேரி மணலில் தண்ணி ஊற்றினா நிற்காது, அப்படியே கீழே இறங்கிடும். ஆனி, ஆடியில் மேல்காத்து அடிச்சா பிஞ்சுச் செடியை மணல் மூடிடும். மழை என்று பெரிசாகப் பார்ப்பது ஐப்பசியும் கார்த்திகையும்தான். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்பாங்க. நமக்குப் புரட்டாசிப் பட்டம்தான் ஒத்து வரும். அதை விட்டா ஒரு வருஷம் போச்சு.

அதனால, முளைக்குமா முளைக்காதா என்று மண்ணில் போட்டுப் பார்க்கிற வசதி நமக்கு இல்லை. ஒரு பாத்திக்குக் காலையில் ரெண்டு குடம், சாயங்காலம் ரெண்டு குடம். பத்து நாளைக்கு 40 குடம். அதுக்கப்புறமும் முளைக்கலைன்னா தண்ணியும் போச்சு, பட்டமும் போச்சு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் எங்க குழுவில் ஏழு பேர் ஒரு கடையில் பாகல் விதைப் பாக்கெட் வாங்கினோம். ஊன்றுவதற்கு முன்னாடி நான் பத்து விதையைத் துணியில் கட்டி வைத்துப் பார்த்தேன். பத்து நாளில் மூணுதான் முளைச்சுது. மற்ற ஆறு பேருக்கும் அன்னைக்கே சொல்லி, எல்லாரும் சேர்ந்து போய்க் கேட்டோம். மனசில்லாமத்தான் மாற்றிக் கொடுத்தார். ஏழு வீட்டுக்கும் கணக்குப் போட்டா 280 குடம் தண்ணி மிச்சம். குடம் தூக்கின இடுப்புக்குத்தான் அதோட அருமை தெரியும்.

அந்தச் சோதனை ரொம்பச் சுலபம். பத்து விதை எண்ணி எடுங்க. பழைய பருத்தித் துணியை நனைச்சுப் பிழிந்து, விதை ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பிச் சுருட்டுங்க. ஒரு சிரட்டையில் வைத்து அடுப்படி ஓரமாக வையுங்க. ஈரம் காயாமல் தினமும் கொஞ்சம் தண்ணி தெளிக்கணும். தண்ணியில் மிதக்க விட்டா அழுகிடும். தட்டாம்பயறு மூணு நாலு நாளில் முளைக்கும். வெண்டை, தக்காளிக்கு ஒரு வாரம் பாருங்க. கத்தரிக்குப் பத்து நாள், மிளகாய்க்கு ரெண்டு வாரம் பொறுக்கணும். பாகல் விதைக்குத் தோல் கெட்டி. ஒரு ராத்திரி முழுக்க ஊற வைத்துத்தான் கட்டணும்.

அரசு விதைச் சான்றுக்கு ஒரு அளவு வைத்திருக்காங்க. கத்தரி, தக்காளி என்றால் 100க்கு 70 முளைக்கணும். வெண்டைக்கு 65. மிளகாய், பாகல், சுரைக்கு 60. நம்ம பத்து விதையில் ஏழு முளைத்தால் தைரியமாக ஊன்றலாம். ஐந்து என்றால் ரெண்டு மடங்கு விதை போடணும். மூணுதான் என்றால் அந்த விதைக்குத் தண்ணி ஊற்றாதீங்க.

நல்ல விதை என்று தெரிந்த பிறகும் நேராகப் பாத்தியில் போட வேண்டாம். நம்ம கையில் பனை ஓலை இருக்கு. சின்னக் கொட்டானாக முடைந்து, தேரி மணல் ஒரு பங்கு, குளத்துக் கரம்பை ஒரு பங்கு, மக்கின ஆட்டு எரு ஒரு பங்கு கலந்து நிரப்புங்க. 30 மில்லி பஞ்சகவ்யத்தை ஒரு லிட்டர் தண்ணியில் கலக்கி, விதையை அரை மணி நேரம் ஊற வைத்து நிழலில் உலர்த்தி ஊன்றுங்க. கொட்டானுக்கு ரெண்டு விதை போதும். முருங்கை நிழலில் வைத்தால் 30 கொட்டானுக்கு ஒரு வேளைக்கு ரெண்டு செம்புத் தண்ணிதான் ஆகும். கோழி கிளறாமல் மேலே கூடையைக் கவிழ்த்து வையுங்க. ஆவணிக் கடைசியில் ஆரம்பித்தால், முதல் மழைக்குச் செடி தயாராக இருக்கும். கொட்டானோடு குழியில் வைத்திடலாம். ஓலை மண்ணில் மக்கிடும், வேரும் அசையாது. செடியைச் சுற்றிக் காய்ந்த ஓலையும் கடலைத் தொலியும் போட்டால் ஈரம் நிற்கும்.

முருங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கொம்பு வெட்டி நடுவதுதான் நம்ம வழக்கம். விதை போட்டு வளர்த்தால் ஆணிவேர் ஆழமாக இறங்கும், வறட்சியை நல்லாத் தாங்கும். 1989இல் பெரியகுளத்திலிருந்து வெளியான பிகேஎம் 1 விதையில் வளர்கிற முருங்கைதான். முருங்கை விதை மட்டும் ரொம்ப நாள் தாங்காது. ஒரு வருஷத்துக்குள் போட்டிடணும்.

அடுத்து, விதை எடுத்து வைக்கிறது. கலப்பின விதையில் வந்த காயிலிருந்து விதை எடுத்தால் தாய்ச்செடி மாதிரி வராது. நாட்டு விதையில்தான் எடுக்கணும். கத்தரியை மஞ்சளாகப் பழுக்க விடணும், வெண்டையைச் செடியிலேயே காய விடணும், சுரையை ஆட்டினால் உள்ளே விதை சலசலக்கிற வரை விடணும். முதல் நல்ல காயைப் பறிக்காமல் விட மனசு வராதுதான். விட்டால்தான் அடுத்த வருஷத்துக்கு விதை. காலை வெயிலில் காய வைத்து, கடித்தால் 'நறுக்'கென்று உடைகிற பதத்தில் சாம்பல் கலந்து பாட்டிலில் அடைத்து, மாசமும் வருஷமும் எழுதி ஒட்டுங்க.

கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, பிறகு அதை விட்டு ஊர் ஊராகப் போன நம்மாழ்வார் ஐயா, விதை நம்ம கையில் இருக்கணும் என்று கடைசி வரை வலியுறுத்தினார். அதற்கு நம்ம குழுவை விட நல்ல இடம் எது?

நான் கேட்டுக்கொள்வது இதுதான். ஒவ்வொரு குழுவும் ஒரு காயைப் பொறுப்பெடுத்து நாட்டு விதை சேர்க்கட்டும். ஆடி மாசக் கூட்டத்திலேயே பத்து விதைச் சோதனையைப் பண்ணி, எத்தனை முளைத்தது என்று பதிவேட்டில் எழுதுவோம். கடன் மாதிரியே விதையும் கொடுப்போம். ஒரு கை வாங்கினவங்க தை, மாசியில் ரெண்டு கை திருப்பிக் கொடுக்கணும். ஒரு பைசா தேவையில்லை. சம்மதம் என்றால் இன்னைக்கே தீர்மானமாக எழுதிடலாம்.

எங்க குழு பாகலை எடுத்துக்குது. விதை கொண்டு வந்திருக்கேன், பத்துக்கு எட்டு முளைத்தது. வேணும்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கிக்கோங்க.