வட எல்லையில் இரண்டு நாள்



பிறநாட்டுப் பயணம் என்றவுடன் கப்பலும் விமானமும் நம் நினைவுக்கு வருகின்றன. ஊர்ப் பெயர்ப் பலகையைப் படிக்க இயலாமல் திகைத்து நிற்பதுதான் பிறநாட்டில் இருக்கும் உணர்வு என்றால், அதைப் பெறக் கடல் கடக்க வேண்டுவதில்லை. சித்தூர்ப் பேருந்து நிலையமே போதும். நாங்கள் அங்கேதான் அதைப் பெற்றோம்.

நாங்கள் நாகபுரியில் பல்லாண்டுகளாக வாழ்ந்து வரும் இரண்டு குடும்பத்தார். சிறுவர் உட்பட எழுவர். வேலூரில் ஒரு திருமணம் முடிந்தபின், சித்தூர் வழியே திருமலை சென்று வருவோம் என்று புறப்பட்டோம். எங்களுள் ஒருவர் தெலுங்கு நெடுங்கணக்கில் 'தி', 'ரு' என்னும் இரண்டு எழுத்துகளை மட்டும் அறிந்தவர். அவ்வறிவை நம்பி, 'திரு' என்று தொடங்கும் பலகை தாங்கிய வண்டியில் ஏறி அமர்ந்தோம்.

ஊர் கடந்தபின் நடத்துநர் வந்தார். "திருப்பதிக்கு ஏழு" என்றோம். அவர் சிரித்தார், பின்னர் வண்டி முழுவதும் சிரித்தது. அது திருத்தணிக்குச் செல்லும் வண்டி! மூன்றாம் எழுத்தை எங்கள் அறிஞர் இன்னும் கற்கவில்லை.

வழியில் ஒரு தேநீர்க் கடையருகே இறங்கினோம். எங்கள் கதையைக் கேட்ட கடைக்காரப் பெரியவர் நல்ல தமிழில், "உங்கள் மேல் மட்டும் குற்றமில்லை ஐயா. நான் பிறந்தபோது திருத்தணியும் இந்த மாவட்டந்தான்" என்றார். அவர் சொன்னது உண்மையே. 1911-இல் உருவான சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. திருப்பதியோ ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் அது தனி மாவட்டத்தின் தலைநகரமும் ஆயிற்று. "வீட்டில் தெலுங்கு, மாமியார் வீட்டில் தமிழ், கடையில் வருகிறவர் மொழி" என்று தம் நிலையைக் கூறிய அப்பெரியவர், தாமே சாலையில் நின்று கைகாட்டி எங்களைச் சரியான வண்டியில் ஏற்றிவிட்டார்.

வழியில் சந்திரகிரிக் கோட்டையைக் கண்டோம். 1639-இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் கோட்டை கட்ட இடம் தந்தவர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர். அவர் அடங்கி நடந்த விசயநகர அரச மரபினரின் தலைநகரங்களுள் ஒன்று இச்சந்திரகிரி. நம் சென்னை மாநகரின் கதை இம்மலையடிவாரத்தைத் தொட்டுச் செல்கிறது என்பதை எண்ணி வியந்தோம்.

மறுநாள் விடியலில் அலிபிரியிலிருந்து நடந்தே மலை ஏறினோம். படிகள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேல். ஆயிரம் படிக்குள் எங்கள் முழங்கால்கள் முறையிட்டன. சற்றே இளைப்பாறியபோது, புளியோதரைப் பொட்டலத்தை ஒரு குரங்கு கவர்ந்துகொண்டு மரத்தின்மேல் அமர்ந்து, எங்கள் கண்முன்னேயே உண்டு முடித்தது. பிள்ளைகளுக்கு அன்று அதைவிடப் பெரிய காட்சி வேறில்லை.

மாலையில், நெடுநேரம் வரிசையில் நின்றபின், கோயிலுள் நுழைந்தோம். மதிற்சுவர் நெடுகிலும் கல்வெட்டுகள். பக்கத்தில் நின்ற தெலுங்கு அன்பர் ஒருவர், "இது என்ன எழுத்து?" என்று ஆங்கிலத்தில் வினவினார். உற்று நோக்கினோம். பழைய வடிவமேயானாலும், ஒரு 'க', ஒரு 'ட', ஒரு 'ம' தெரிந்தன. "தமிழ்" என்றோம். திருமலையிலும் திருப்பதியிலும் கிடைத்துள்ள கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. அவற்றுள் மிகப் பல தமிழில் அமைந்தவை. தேவத்தானத்தார் 1930-களில் அவற்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டனர். இதே கோயிலில்தான், தெலுங்குக் கவிஞர் தாள்ளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் பாடல்கள் பொறித்த செப்பேடுகள், நூற்றாண்டுகள் மறைந்து கிடந்து, 1922-இல் வெளிப்பட்டன. முந்தைய நாள் அவ்வூர்ப் பலகை முன் நாங்கள் நின்றது போலவே, அந்த அன்பர் இப்போது சுவர்முன் நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம்.

அப்போதுதான் எங்களுடன் வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, "எந்த எழுத்து 'க', மாமா?" என்று கேட்டாள். எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. அவள் நாகபுரியில் பிறந்தவள். இந்தியும் மராத்தியும் ஆங்கிலமும் படிப்பாள். தமிழ் நன்கு பேசுவாள், எழுத்து அறியாள். ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தை அவளுக்கு இன்றும் தந்தையே படித்துச் சொல்கிறார். அந்தத் தெலுங்கு அன்பருக்கு அச்சுவர் எவ்வளவு தொலைவோ, அவ்வளவு தொலைவு எங்கள் பிள்ளைக்கும்! குற்றம் அவளுடையதன்று, கற்பிக்க நேரமில்லை என்று காலம் கடத்திய எங்களுடையது.

1944-இல் திறக்கப்பட்ட பழைய மலைச்சாலை வழியே இறங்கினோம். கீழே பேருந்துக்குக் காத்திருந்தபோது, பயணச்சீட்டின் பின்புறத்தில் அவள் தந்தை 'திரு' என்று தமிழில் எழுதினார். அதன் அடியில், இரண்டெழுத்து அறிஞர் அதையே தெலுங்கில் எழுதிக் காட்டினார். அவள் இரண்டையும் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினாள். சித்தூர் சேரும்வரை அந்தச் சீட்டு அவள் கையை விட்டு நீங்கவில்லை.

நேயர்களே, வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இரண்டு கடமைகள் உள்ளன. வாழும் ஊரின் எழுத்தைக் கற்பது ஒன்று. இல்லையேல் தவறான வண்டியில்தான் ஏறுவோம். நம் எழுத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது மற்றொன்று. நாகபுரி திரும்பியபின், ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் எங்கள் பிள்ளைகள் தமிழ் எழுதுகின்றனர். பாட்டிக்கு அச்சிறுமி எழுதிய முதல் கடிதத்தில் நான்கு வரிகள், ஆறு பிழைகள். பாட்டி அதைத் திருத்தாமல் பெட்டியில் வைத்திருக்கிறாராம்.