உத்தியோக விண்ணப்பமும் உள்ளதை உரைத்தலும்

(ஸ்ரீரங்கத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நமது சங்கத்தை நாடி வரும் வாலிபர்கள் பெரும்பாலும் வேண்டுவது சிபாரிசுக் கடிதம் ஒன்றே. தம் கையிலுள்ள தன்விவரக் குறிப்பைப் படித்துத் திருத்தித் தருமாறு கேட்போர் மிகச் சிலர். சிபாரிசு கதவைத் திறக்கலாம். உள்ளே சென்று பேசவேண்டியது அக்குறிப்பேயாம். ஆதலின் அதனைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற முன்வந்தோம்.

அண்மையில் யாம் கண்ட குறிப்புகள் யாவும் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருந்தன. கடின உழைப்பாளி, தலைமைப் பண்புடையவன், எல்லோருடனும் இணங்கி நடப்பவன் என்று எழுதாதார் எவருமிலர். எல்லார்க்கும் பொருந்தும் சொல் ஒருவரையும் அடையாளங் காட்டாது.

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 9-ஆம் தேதி, ஸ்ரீநிவாஸ ராமாநுஜன் சென்னைத் துறைமுக அலுவலகத்திற்குக் குமாஸ்தா வேலை வேண்டி ஒரு மனு அனுப்பினார். அது சில வரிகளே கொண்டது. மெட்ரிகுலேஷன் தேறியதையும், எப்.ஏ. வரையிற் படித்ததையும், இடையூறுகளால் மேற்படிப்பு நின்றதையும் ஒளியாது கூறினார். அதன்பின் தம் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாக எழுதினார். கணிதப் பேராசிரியர் ஒருவரின் நற்சாட்சியையும் இணைத்தார். மார்ச்சு முதல் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

அங்கே தலைமைக் கணக்கராயிருந்த நாராயண ஐயர், முன்னர் நமது திருச்சிராப்பள்ளி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் போதித்தவர். அருமை அறிவாரிடம் அத்திறமை சென்று சேர்ந்தது.

மறு ஆண்டு ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் ஹார்டி அவர்களுக்கு ராமாநுஜன் எழுதியபோது, தாம் கணிதத்தில் வல்லவரென்று சொல்லி நிறுத்தவில்லை. தாம் கண்ட சூத்திரங்களையே கடிதத்தோடு சேர்த்தனுப்பினார். இதுவே நாம் கற்கவேண்டிய பாடம். பண்பைச் சொல்வதினும் செய்த காரியத்தைக் காட்டுதலே சிறந்தது. அக்கடிதத்தில் தம் வயது ஏறத்தாழ 23 என்றும் எழுதினார். 1887 டிசம்பரிற் பிறந்தவராதலின் அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. மேதைக்குப் பொறுத்த பிழையை நமக்கு எவரும் பொறார். தேதிகளை இருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

நிற்க. காந்தி மார்க்கெட்டில் தந்தையாரின் மளிகைக் கடையில் நான்கு ஆண்டுகள் மாலைதோறும் இருப்புக் கணக்கு எழுதிய வாலிபர் ஒருவரை யாம் அறிவோம். அக்கணக்கைக் கணினியில் ஏற்றியவரும் அவரே. தம் குறிப்பிலோ முன் அனுபவம் இல்லை என்று எழுதியிருந்தார். காரணம் வினவினோம். "கடை வேலையை எழுதினால் இளக்காரமாக நினைக்க மாட்டார்களா, ஐயா?" என்றார். நண்பர்களே! நமக்குச் சோறிட்ட தொழிலை மறைப்பதா நாகரிகம்? என்ன வேலை, எத்தனை காலம், எதனைக் கொண்டு செய்தோம், அதனால் விளைந்த பயன் யாது என்னும் நான்கையும் ஒரே வாக்கியத்தில் அவர் எழுதினார். வேறு அலங்காரம் வேண்டியிருக்கவில்லை.

விவாகத்தின் பின்னரோ, பெற்றோரின் நோயின் பொருட்டோ வேலையை விட்ட நம் பெண்மக்கள், அவ்விடைவெளியைப் பொய்யால் நிரப்புதல் வேண்டா. காரணத்தை ஒரு வரியிற் கூறி, அக்காலத்திற் கற்றதையும் செய்ததையும் அடுத்த வரியில் எழுதுக. ராமாநுஜனும் அவ்வாறே செய்தார்.

ஆகவே, இனிச் சிபாரிசு எழுதுமுன் பெரியோர் இருவர் அவ்விண்ணப்பத்தைப் படித்து ஆலோசனை கூறுமாறு சங்கம் ஏற்பாடு செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம். அறியாத ஒன்றை அறிந்ததாக எழுதியவன் நேர்காணலில் தலைகுனிவான்; அவனுக்குச் சிபாரிசு செய்த சங்கமும் உடன் தலைகுனியும். உள்ளதை உள்ளவாறு, குறைவுமின்றி மிகையுமின்றி எழுதுவோமாக.