சத்திரசிகிச்சைக்குப் பின் மேலும் சிகிச்சை வேண்டுமா?

தீயிலும் கடனிலும் நோயிலும் மிச்சம் வைக்கலாகாது என்பது முன்னோர் வாக்கு. நுரையீரற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்ற ஒருவரின் குடும்பத்தார்க்கு முதலில் நினைவில் எழுவதும் இவ்வாக்கே. "கட்டி முழுவதையும் அகற்றியாயிற்று" என்கிறார் வைத்தியர். சில வாரங்களின் பின் அவரே, மருந்துச் சிகிச்சையும் பெறுவதா என்று யோசித்து வருமாறு கூறுகிறார். முழுவதும் நீங்கியது உண்மையாயின் மருந்து எதற்கு என்று வீட்டார் மயங்குகின்றனர்.

வைத்தியர் கூறிய இரண்டும் மெய்யே. கண்ணுக்கும் கருவிக்கும் புலப்பட்ட நோய் நீங்கிவிட்டது. ஆயினும், கட்டி உடலில் இருந்த காலத்திலேயே நோயுற்ற நுண்ணிய உயிரணுக்கள் சில குருதி வழியாகவோ நிணநீர் வழியாகவோ வேறிடம் சென்றிருத்தல் கூடும். படம் பிடிக்கும் கருவிகளுக்கு அவை அகப்படா. கட்டியின் பருமனையும், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களில் நோய் இருந்ததா என்பதையும் கொண்டே அதனை ஊகித்தல் வேண்டும். ஆகையால் அகற்றிய பகுதியைச் சோதித்து எழுதப்பெறும் அறிக்கையே இத்தீர்மானத்திற்கு அத்திவாரம்.

சிகிச்சை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நன்மை என்று எண்ணுதல் தவறு. சத்திரசிகிச்சையின் பின் மார்பிற் கதிர் பாய்ச்சும் முறை முன்னர்ப் பரவலாகக் கையாளப்பட்டது. 1998 ஆம் ஆண்டில், 2,128 நோயாளரின் விவரங்களை ஒருங்கே ஆராய்ந்தபோது, கட்டி முழுவதும் அகற்றப்பெற்ற ஆரம்பநிலை நோயாளரின் ஆயுளை அது குறைத்தமை புலனாயிற்று.

சிஸ்பிளாட்டின் என்னும் மருந்தின் பயன் வேறு. 2008 இல் வெளிவந்த, 4,584 நோயாளரைப் பற்றிய ஆய்வின்படி, அம்மருந்தைக் கொண்ட சிகிச்சை பெற்றோரில், ஐந்தாண்டு முடிவில் 100 பேருக்கு ஏறக்குறைய 5 பேர் மேலதிகமாக உயிரோடிருந்தனர். கணுக்களில் நோய் கண்டோருக்கு நன்மை தெளிவாயிருந்தது. மிக ஆரம்பநிலையிலுள்ளோருக்கு அது தோன்றவில்லை.

இந்த 5 என்ற எண்ணை நிதானமாக நோக்குதல் வேண்டும். மருந்தின்றியே பிழைப்போர் பலர். மருந்து பெற்றும் நோய் மீளக் காண்போரும் பலர். இடையிலுள்ள ஐவருக்கே மருந்து உயிர் காக்கிறது. அவ்வைவர் யாவர் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. துன்பத்தையோ மருந்து பெறும் அனைவரும் ஓரளவு ஏற்கவேண்டும். பெரும்பாலும் மூன்று வாரங்களுக்கு ஒரு முறையாக நான்கு முறை மருந்து ஏற்றப்படும். குமட்டலும் களைப்பும் வரும். சிலருக்குச் செவிப்புலன் மங்கும், சிறுநீரகம் பாதிப்புறும், விரல்கள் மரத்துப்போகும். ஆதலால் முதுமையும் சிறுநீரகத்தின் வலிமையும் கணக்கில் எடுக்கப்படும்.

கட்டியின் மரபணுச் சோதனையும் இன்று இத்தீர்மானத்திற்கு உதவுகிறது. ஈ.ஜி.எப்.ஆர். என்னும் மரபணுவில் குறித்த மாற்றம் உள்ளோருக்கு ஒசிமேர்ட்டினிப் என்னும் மாத்திரையை மூன்றாண்டு கொடுத்து ஆராய்ந்தனர். அதன் முடிவு 2023 இல் வெளியாயிற்று. ஐந்தாண்டின் பின், மாத்திரை பெற்றோரில் 100 க்கு 88 பேரும், பெறாதோரில் 78 பேரும் உயிரோடிருந்தனர். வேறு சிலருக்கு, உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் பயன்படுகின்றன.

நோயின் பெயரையே நோயாளியிடம் மறைத்து, மக்களும் மருமக்களும் கூடி முடிவுசெய்யும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்பினாற் செய்வதேயாயினும், மருந்தின் வேதனையைத் தாங்கப்போகிறவர் அவரன்றோ? அவரையும் அருகிருத்தி வைத்தியரிடம் வினவுதல் வேண்டும்: நோய் எந்நிலையிலிருந்தது? கணுக்களில் இருந்ததா? மரபணுச் சோதனை செய்யப்பட்டதா? மருந்தினால் 100 பேரில் எத்தனை பேர் மேலதிகமாகப் பிழைப்பர்? காயம் ஆறி உடல் தேறுதற்கு அவகாசம் உண்டு. எனினும், சிகிச்சை பொதுவாக இரண்டு மூன்று மாதங்களுக்குள் தொடங்கப்படுவதால் வீணே காலங்கடத்தலாகாது.

விவரமனைத்தும் அறிந்தபின் ஒருவர் மருந்தை ஏற்கலாம். மற்றொருவர் ஒழுங்கான பரிசோதனைகளோடு அமையலாம். முன்னவரைப் பேராசைக்காரர் என்றோ பின்னவரைக் கோழை என்றோ கூறுதல் பொருந்தாது. எம்முடிவாயினும், புகைபிடிப்பவர் அதனை அன்றே கைவிடுதல் நன்று.