ஒரு வருடம், ஆயிரம் கிலோமீட்டர்



நான் பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் வசிக்கிறேன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. "தினமும் நடங்கள்" என்றார் டாக்டர். பத்து நாள் நடந்தேன். மழை வந்தது. நடை நின்றது. சர்க்கரை ஏறியது. காலில் சிறு புண். ஆற இரண்டு மாதம் ஆயிற்று. பயந்து போனேன்.

புண் ஆறியதும் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். தினமும் 3 கிலோமீட்டர் நடந்தால் 365 நாளில் 1095 கிலோமீட்டர். 1000 போதும் என்று வைத்துக்கொண்டேன். மழை, காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று 31 நாள் போனாலும் கணக்குக் குறையாது.

காந்தியடிகளை நினைத்துப் பாருங்கள். 1927-இல் அவர் உடல் நலம் கெட்டது. நம் பக்கத்து நந்தி மலையில் தங்கி ஓய்வெடுத்தார். 1930-இல் தண்டிக்கு நடந்தார். வயது 60. தூரம் சுமார் 385 கிலோமீட்டர். அவரும் திங்கட்கிழமைகளில் ஓய்வெடுத்தார். மறுநாள் மீண்டும் நடந்தார்.

மகனின் பைக் மீட்டரில் தூரத்தை அளந்துகொண்டேன். நடந்த நாளில் காலண்டரில் 3 என்று எழுதினேன். நடக்காத நாளில் 0. மாதக் கடைசியில் கூட்டினேன். சீட்டுப் பணம் சேர்வதுபோல் தூரம் சேர்ந்தது. வருடக் கடைசியில் 1011 கிலோமீட்டர்! 28 நாள் மட்டும் 0. மாத்திரையையும் விடவில்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்தது.

உங்களால் 1 கிலோமீட்டர்தான் முடியுமா? அதுவும் நல்லதே. நெஞ்சு வலியோ, காலில் புண்ணோ இருந்தால் முதலில் டாக்டரைக் கேளுங்கள்.

ஒரு நாள் 0 விழுந்தால் கவலை வேண்டாம். அடுத்த நாளும் 0 எழுதாதீர்கள்.