அவகாசமும் உரிமையும்

அயல் மாநிலங்களில் வாழும் தமிழர் அன்றாடம் கேட்கும் சொற்களுள், ஒலியில் தமிழாகவும் பொருளில் வேறாகவும் நிற்பன சில உண்டு. அவற்றுள் ஒன்று 'அவகாசம்'. 'பதில் எழுதப் பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள்' என்கிறோம். தமிழில் அது காலத்தைக் குறிப்பது. மலையாளத்திலோ அது உரிமையைக் குறிப்பது. அடிப்படை உரிமை அங்கே 'மௌலிகாவகாசம்'. தகவல் அறியும் உரிமை 'விவராவகாசம்'. சொத்துக்கு வாரிசு 'அவகாசி'.

வடமொழியில் இச்சொல்லுக்கு இடம், வெளி, வாய்ப்பு என்பன பொருள். அந்த ஒரு வித்திலிருந்து இரு மொழிகளும் இருவேறு கனிகளைப் பெற்றன. ஆயினும் 'சாவகாசம்' என்றால் இரு மொழியிலும் நிதானமே.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நமக்கு இது சுவையான செய்தி. பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களிலும், இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு வட்டங்களிலும் வாழும் தமிழருக்கோ இது வாழ்க்கைச் செய்தி. நில அறிவிப்பை ஒருவர் வாசிக்கக் கேட்கும் தோட்டத் தொழிலாளி, 'அவகாசம்' என்றதும் தவணை உண்டென்று எண்ணி வாளாவிருந்தால், அவர் இழப்பது காலத்தை அன்று, உரிமையை.

இதற்குச் சட்டம் வழி காட்டுகிறது. குறை நீக்கக் கோரும் விண்ணப்பத்தை, ஒன்றியத்திலோ அம்மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்க ஒவ்வொருவரும் உரிமையுடையவர் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு. 1956-இல் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்த 350அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்வதைப் பற்றியது. ஆனால் அங்கே உள்ள சொல் வேறு: அரசு அதற்கு 'முயல வேண்டும்' என்பதே. முன்னது நம் கையில் உள்ள உரிமை. பின்னது அரசின்மேல் வைத்த கடமை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், திருத்தம் பெற்ற வடிவில், தமிழில் எழுதும் சிறுபான்மையினருக்குத் தமிழிலேயே பதில் தர வகை செய்தது.

உரிமை வேறு, சலுகை வேறு. சலுகை கொடுப்பவர் மனத்தைப் பொறுத்தது. வேண்டாதபோது திரும்பப் பெறப்படும். உரிமைக்குச் சட்டம் பிணை நிற்கிறது. ஆகவே விண்ணப்பம் எழுதும் அன்பர்கள், காலம் வேண்டுமிடத்தில் 'தவணை' என்றும், உரிமை வேண்டுமிடத்தில் 'உரிமை' என்றும் ஐயத்துக்கு இடமின்றி எழுதுக. 'கருணை கூர்ந்து' என்று தொடங்க வேண்டியதில்லை. பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டுத் தொடங்குக. கேட்கும் சொல் தெளிவாக இருந்தால், வரும் விடையும் தெளிவாக வரும்.