புதிய கருவியும் பழைய கையும்

கணக்கு, களஞ்சியம், சம்பளம், கொள்வனவு ஆகிய யாவற்றையும் ஒன்றாகப் பிணைக்கும் கணினி மென்பொருள்கள் இன்று பல காரியாலயங்களிற் புகுந்து வருகின்றன. பெரும்பொருள் செலவிட்டு அவற்றை நிறுவிய பின்னரும் ஊழியர் சிலர் பழைய பேரேட்டையே நாடுகின்றனர். மேலதிகாரிகள் இதனைச் சோம்பல் என்பர், பிடிவாதம் என்பர். நானும் ஒருகால் அவ்வாறே எண்ணியவன்.

நான் அதிபராயிருந்த பாடசாலையொன்றுக்கு அத்தகைய மென்பொருள் வந்தது. "திங்கட்கிழமை முதல் பேரேடு வேண்டாம்" என வெள்ளிக்கிழமை அறிவித்துவிட்டேன். அனுபவம் மிக்க எழுதுவினைஞர் ஒருவரோ, பகலிற் கணினியிற் பதிந்தவற்றை மாலையில் ஒருவருமறியாமற் பேரேட்டிலும் எழுதி வந்தார். காரணம் கேட்டேன்.

"ஐயா, பேரேட்டிலே பிழைவிட்டால் சிவப்பு மையால் வெட்டிக் கையொப்பமிடுவேன். இதிலே பிழைவிட்டால் திருத்தும் வழி தெரியாது. பழி மட்டும் எனக்கு வரும்" என்றார்.

சோம்பலர் என நான் கருதியவர் இருமடங்கு வேலை செய்துகொண்டிருந்தார்!

அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலத்தில், மாரியன் நகரில், இரவுடை தைக்கும் ஹார்வூட் தொழிற்சாலை இருந்தது. அங்கு வேலைமுறை மாறியபொழுது நிகழ்ந்தவற்றை லெஸ்டர் கொச், ஜோன் பிரெஞ்ச் என்னும் இருவர் ஆராய்ந்து 1948இல் வெளியிட்டனர். மாற்றத்தை அறிவிப்பாக மட்டும் பெற்ற குழுவில் உற்பத்தி வீழ்ந்தது. நாற்பது நாட்களுள் 17 வீதத்தினர் வேலையை விட்டு நீங்கினர். மாற்றத்தை வகுப்பதில் அனைவரும் பங்குகொண்ட குழுக்களிலோ ஒருவரும் நீங்கவில்லை. உற்பத்தியும் முன்னையினும் ஏறத்தாழ 14 வீதம் உயர்ந்தது.

1989இல் பிரெட் டேவிஸ் என்னும் அறிஞர், கணினிமுறையொன்றை ஊழியர் ஏற்பதற்கு இரு நம்பிக்கைகள் வேண்டும் என எடுத்துக்காட்டினார். இது என் வேலைக்கு உதவும் என்பது ஒன்று. இதனை எளிதிற் கையாளலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் முன்னையதே வலிமை மிக்கது என்றும் கண்டார். நம்பிக்கையைச் சுற்றுநிருபத்தால் விதிக்க முடியுமா?

நான் என் அறிவித்தலை மீட்டுக்கொண்டேன். சில வாரங்கள் இரண்டும் நடக்கட்டும் என்றேன். பயிற்சிக்கெனத் தனிப் பதிவுகள் கொடுத்து, அவற்றில் எத்தனை பிழை விட்டாலும் கேள்வியில்லை என உறுதியளித்தேன். பதிவுகளை எவ்வொழுங்கிற் செய்வது என்பதை அவரையே தீர்மானிக்கச் சொன்னேன். மாதமுடிவிற் கூட்டுத்தொகை இரண்டிடத்தும் சதம் பிசகாமற் பொருந்திய அன்று, அவர் தாமாகவே பேரேட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

மாணவனைப் பிழைவிட அனுமதியாத ஆசிரியன் எதனையும் கற்பிக்க இயலாது. நேயர்களே, காரியாலயத் தலைவருக்கும் இது பொருந்தும்.